கணிப்பொறிக்குக் கையாற் செய்யும் கூடு: அலுமினியத் தகடும் அக்ரிலிக்கும்

கணிப்பொறி என்றதும் அதன் திரையும் விசைப்பலகையுமே பலருடைய நினைவிற்கு வருகின்றன. உள்ளுறுப்புகளைத் தாங்கி நிற்கும் கூட்டைப்பற்றி எவரும் அதிகம் எண்ணுவதில்லை. ஆயினும் ஒரு கணிப்பொறி எத்துணை ஆண்டுகள் பழுதின்றி உழைக்கும் என்பதும், அதைத் தொடுபவர் எவ்வளவு பாதுகாப்புடன் இருப்பார் என்பதும் பெருமளவுக்கு அக்கூட்டையே பொறுத்தவை. உள்ளே பிறக்கும் வெப்பத்தை வெளியேற்றுதல், தூசியையும் பூச்சிகளையும் தடுத்தல், காப்பு அழிந்து மின்சாரம் கசியுமிடத்து அதை நிலத்திற்குக் கொண்டு செல்லுதல், வானொலிக்கும் பிற கருவிகளுக்கும் ஊறு விளைக்கும் மின்காந்த அலைகளை அடக்குதல் ஆகிய தொழில்களை அது ஒருங்கே செய்கிறது.

1955-ல் கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்திற்கு வந்த ஹெச்.ஈ.சி.-2எம் போன்ற பொறிகள் ஓர் அறையையே இடமாகக் கொண்டவை. அவற்றுக்குக் கூடு என்பது பேரலமாரி. மேசை மீது வைக்கத்தக்க கணிப்பொறிகள் தோன்றியபோது நிலைமை வேறாயிற்று. 1976-ல் விற்பனைக்கு வந்த முதல் ஆப்பிள் கணிப்பொறி, உறுப்புகள் பொருத்திய ஒரு சுற்றுப்பலகையாக மட்டுமே கிடைத்தது. கூடு, விசைப்பலகை, மின்மாற்றி ஆகியவற்றை வாங்கியவரே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. பலர் மரத்தாற் பெட்டி செய்துகொண்டனர். அவ்வாறு மரக்கூட்டில் அமைந்த ஒன்று அமெரிக்காவின் ஸ்மித்ஸோனியன் காட்சிசாலையில் இன்றும் இருக்கிறது. எனவே, கூட்டைக் கையாற் செய்துகொள்ளும் வழக்கம் மேசைக் கணிப்பொறியின் வயதை ஒத்தது.

இன்று ஆயத்தக் கூடுகள் கடைகளில் மலிவாகவே கிடைக்கின்றன. அப்படியிருக்க, கையால் ஒன்றைச் செய்ய முயல்வானேன் எனும் கேள்வி எழலாம். இவ்வெளியீட்டைப் படிக்கும் களப்பணியாளருள் பலர், தூசி மிகுந்த நிலையங்களில், குறுகிய அலமாரித் தட்டுகளில், கடையிற் கிடைக்கும் கூடு எதுவும் அமையாத இடங்களில் கணிப்பொறியை வைக்க வேண்டியவர்கள். ஆசிரியர்களோ, பழைய பொறியிலிருந்து எடுத்த பலகையை ஆய்வுக்கூட மேசையில் திறந்தபடியே இயக்கிக் காட்டுவதை நான் பன்முறை கண்டிருக்கிறேன். அது அபாயகரமான பழக்கம். அன்றியும், தகட்டு வேலை, வெப்பவியல், மின்காப்பு ஆகிய மூன்று பாடங்களையும் ஒரே பொருளில் வைத்துக் கற்பிக்க இதனினும் ஏற்ற செய்முறை அரிது. விலை குறையும் என்று எண்ணி இவ்வேலையில் எவரும் இறங்க வேண்டா, குறையாது.

அளவுகள்

கணிப்பொறி உறுப்புகளின் அளவுகள் உலகெங்கும் ஒரே தரத்தில் அமைந்திருப்பது நமது நற்பேறு. 1995-ல் இன்டெல் நிறுவனம் வகுத்த ஏ.டி.எக்ஸ். முறைப்படி முழுத் தாய்ப்பலகையின் அளவு 305 × 244 மி.மீ. இதிற் சிறியதான மைக்ரோ ஏ.டி.எக்ஸ். 244 × 244 மி.மீ. 2001-ல் வியா நிறுவனம் அறிமுகப்படுத்திய மினி ஐ.டி.எக்ஸ். 170 × 170 மி.மீ. கைவினைக்குப் புதியவர் இம்மூன்றாவதையே தேர்ந்துகொள்ளுதல் நன்று. தகடு சிறிதாயின் வளைப்பு நேராக அமையும். பிழை நேரினும் வீணாகும் பொருள் குறைவு.

தாய்ப்பலகையின் இணைப்பு வாய்கள் வெளியே தெரியும் பின்புறச் சாளரத்தின் அளவு 158.75 × 44.45 மி.மீ. சிறு கூடுகளுக்கென உள்ள எஸ்.எஃப்.எக்ஸ். வகை மின்வழங்கி 125 × 100 × 63.5 மி.மீ. அளவினது. 120 மி.மீ. மின்விசிறியின் திருகாணித் துளைகள் ஒன்றுக்கொன்று 105 மி.மீ. தொலைவிலும், 80 மி.மீ. விசிறியின் துளைகள் 71.5 மி.மீ. தொலைவிலும் அமைந்திருக்கும். இவ்வெண்களைப் பட்டறைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் எண்ணை நம்பிச் செய்யலாகாது. மினி ஐ.டி.எக்ஸ். பலகையில் திருகாணிக்கான துளைகள் நான்கு. பார்வைக்கு அவை ஒரு செவ்வகத்தின் நான்கு மூலைகள் போலத் தோன்றும். ஆனால் அவற்றுள் ஒன்று தன் வரிசையினின்று விலகி உள்ளே தள்ளி நிற்கும். பழைய பெரிய பலகைகளின் துளை அமைப்போடு ஒத்துப் போகவேண்டும் என்பதே இதற்குக் காரணம். நான் முதன்முதலிற் செய்த கூட்டில் இதனை அறியாமல் செம்மையான செவ்வகமாகத் துளையிட்டு, நான்கிலும் பித்தளைத் தாங்கிகளைப் பொருத்திவிட்டேன். பலகையை வைத்தபோது ஒரு தாங்கி பொருந்தவில்லை. அதற்கு வேறிடத்திற் புதிய துளையிட்டேன்; முன்னர்ப் பொருத்தியிருந்த தாங்கியைக் கழற்ற மறந்தேன். பலகையின் அடிப்புறத்தில் பற்றாசுப் புள்ளிகள் சிறு முட்களைப்போல நீட்டிக்கொண்டிருக்கும் அல்லவா? அந்த வீண் தாங்கி அவற்றுள் இரண்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. பொத்தானை அழுத்தியபோது ஓசையும் இல்லை, புகையும் இல்லை; பலகை மட்டும் இறந்துவிட்டது. ஒரு பள்ளியின் அறிவியல் கழக மாணவர்கள் சிறுகச் சேர்த்த பணத்தில் வாங்கிய பலகை அது. அவர்களுடைய மழைமானிப் பதிவு வேலை அடுத்த கல்வியாண்டுக்குத் தள்ளிப் போயிற்று.

ஆகவே, பலகையை ஒரு தாளின் மீது வைத்து, நான்கு துளைகளின் வழியாகவும் கூரிய பென்சிலால் குறித்து, அத்தாளையே தகட்டின் மீது ஒட்டித் துளையிடுக. தாங்கிகளைப் பொருத்தியபின் எண்ணிப் பார்க்க. நான்கு துளைக்கு நான்கு தாங்கி, ஐந்தாவது இருத்தலாகாது.

இரு பொருள்களின் இயல்பு

அலுமினியமும் அக்ரிலிக்கும் அடிப்படைப் பண்புகளில் முற்றிலும் மாறுபட்டவை. கன சென்டிமீட்டருக்கு அலுமினியம் 2.7 கிராம், அக்ரிலிக் ஏறக்குறைய 1.19 கிராம். தகட்டு வேலைக்குரிய 5052 எனும் அலுமினியக் கலவை, வெப்பத்தை அக்ரிலிக்கைக் காட்டிலும் சுமார் 700 மடங்கு நன்றாகக் கடத்தும். அலுமினியம் மின்கடத்தி; அக்ரிலிக் காப்புப் பொருள். அலுமினியத் தகடு வளையும்; அக்ரிலிக் அறை வெப்பத்தில் வளையாது, முறியும்.

இவற்றினும் முக்கியமானது வெப்பத்தால் நீளும் அளவு. ஒரு டிகிரிக்கு அலுமினியம் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 23 பங்கும், அக்ரிலிக் சுமார் 70 பங்கும் நீளும். டில்லியில் ஜனவரி இரவில் 5 டிகிரி வரை இறங்கும் வெப்பநிலை, மே, ஜூன் மாதப் பிற்பகலில் 44 டிகிரியையும் கடக்கும். கூட்டின் உள்ளே பிறக்கும் வெப்பத்தை விடுத்து, 40 டிகிரி வேறுபாடு என்று மட்டும் கொண்டாலும், 260 மி.மீ. நீளமுள்ள அக்ரிலிக் 0.73 மி.மீ. நீளும், அதே நீளமுள்ள அலுமினியம் 0.24 மி.மீ. நீளும். வேறுபாடு அரை மில்லிமீட்டர். மூன்று மி.மீ. திருகாணிக்கு மூன்று மி.மீ. துளையே இட்டு இறுக முடுக்கிவிட்டால், இந்த அரை மில்லிமீட்டர் போகுமிடமின்றித் துளையின் ஓரத்தில் விரிசலாக வெளிப்படும். குளிர்காலத்திற் பொருத்திய பலகம் கோடையில் ஒரு நண்பகலில் 'டக்'கென்று வெடிப்பதன் காரணம் இதுவே. அக்ரிலிக்கில் துளை எப்போதும் திருகாணியை விட ஒரு மி.மீ. பெரிதாக இருத்தல் வேண்டும். திருகாணியின் தலைக்கு அடியில் நைலான் அல்லது ரப்பர் வாஷர் இடவேண்டும். விரலால் முடுக்கும் அளவுக்குமேல் முடுக்கலாகாது. வகுப்பில் நீட்சிக் கெழுவைக் கற்பிக்கும் ஆசிரியர் இக்கணக்கை மாணவரைக் கொண்டே செய்விக்கலாம்.

அக்ரிலிக் எரியும் பொருள் என்பதையும் மறத்தலாகாது. தீப்பற்றினால் தானே அணையாது. உருகிச் சொட்டிக்கொண்டே எரியும். ஆதலால் 230 வோல்ட் மின்சாரம் வெறுமையாக நிற்கும் முனை எதுவும் அதன் அருகில் இருத்தலாகாது. மின்வழங்கி தனக்கென ஓர் எஃகுப் பெட்டியுள் அடைபட்டே விற்கப்படுவதால், அதனைத் திறவாத வரையில் இவ்வகையில் அச்சமில்லை. முழுக் கூட்டையும் அக்ரிலிக்கால் செய்வது காட்சிக்கு அழகாயினும் நான் அதனைப் பரிந்துரைப்பதில்லை. எலும்புக்கூடு உலோகமாகவும், உள்ளே பார்க்க வேண்டிய பக்கங்கள் மட்டும் அக்ரிலிக்காகவும் இருப்பதே தகும்.

திட்டமும் அட்டை மாதிரியும்

இங்குக் கூறும் கூடு 260 மி.மீ. அகலமும் 260 மி.மீ. ஆழமும் 180 மி.மீ. உயரமும் உடையது. முன்சுவர், அடித்தளம், பின்சுவர் ஆகிய மூன்றும் 2 மி.மீ. கனமுள்ள ஒரே அலுமினியத் தகட்டை இரண்டிடத்தில் மடக்கிப் பெறப்படுபவை. இடமும் வலமும் 3 மி.மீ. அக்ரிலிக் பலகங்கள். மேலே ஓர் அலுமினிய மூடி. மூலைகளை இணைப்பவை 12 மி.மீ. அலுமினியக் கோணச் சட்டங்கள். தாய்ப்பலகை அடித்தளத்தின் மீது படுத்தவாறு, பின்சுவரை ஒட்டி அமையும். அதன் அருகில் மின்வழங்கி, தன் 63.5 மி.மீ. பக்கம் அகலவாட்டில் வருமாறு நிமிர்ந்து நிற்கும். அதன் விசிறி பக்கவாட்டு அக்ரிலிக்கை நோக்கும். முன்சுவரில் 120 மி.மீ. விசிறி ஒன்று.

தகட்டைத் தொடுமுன் அட்டையால் முழு அளவில் ஒரு மாதிரி செய்க. பழைய பெட்டி அட்டையே போதும். உறுப்புகளை அதனுள் வைத்து, கம்பிகள் வளையும் இடத்தையும், செயலியின் மீதுள்ள குளிர்விப்பானின் உயரத்தையும், கை நுழையும் வழியையும் பார்க்க. பின்புறச் சாளரம் வரவேண்டிய இடத்தைத் தாங்கிகளின் மீது வைத்த பலகையைக் கொண்டே அட்டையிற் குறிக்க. தாங்கியின் உயரம் 6.5 மி.மீ.க்குக் குறைதல் கூடாது. கடையில் 8 மி.மீ. தாங்கியே கிடைத்தாலும் குற்றமில்லை, அதற்கேற்பச் சாளரம் உயர்ந்து அமையும். இரண்டு மாலைப்பொழுதுகள் இதற்குச் செலவாகும். அட்டையில் தோன்றும் பிழையைக் கத்தரிக்கோலால் திருத்தலாம். தகட்டில் தோன்றும் பிழை தகட்டோடு போம்.

மடிப்புக் கணக்கு

180, 260, 180 என்று மூன்றையும் கூட்டி 620 மி.மீ. நீளத்திற்குத் தகட்டை வெட்டுவது புதியவர் செய்யும் பிழை. தகடு மடங்கும்போது அதன் வெளிப்புறம் நீளும், உட்புறம் சுருங்கும். நீளாமலும் சுருங்காமலும் இருக்கும் ஓர் இடைப்படலம் தகட்டின் நடுவுக்குச் சற்று உட்புறமாக, கனத்தின் ஏறக்குறைய 0.4 பங்கு ஆழத்தில் அமைகிறது. மடிப்புக்கு வேண்டிய நீளத்தை அப்படலத்தின் வில்லாகக் கணக்கிட வேண்டும்.

உள் ஆரம் 2 மி.மீ., கனம் 2 மி.மீ. எனக் கொள்வோம். இடைப்படலத்தின் ஆரம் 2 + (0.4 × 2) = 2.8 மி.மீ. செங்கோண மடிப்புக்கு வில்லின் நீளம் 1.571 × 2.8 = 4.4 மி.மீ. ஒவ்வொரு மடிப்பும் தன் இரு பக்கத்திலும் வெளியளவிலிருந்து 4 மி.மீ. எடுத்துக்கொள்ளும். ஆதலால் சுவர்களின் நேர்ப்பகுதி 176 மி.மீ. வீதம், அடித்தளத்தின் நேர்ப்பகுதி 252 மி.மீ. ஆக மொத்தம் 176 + 4.4 + 252 + 4.4 + 176 = 612.8 மி.மீ. நேராகக் கூட்டியதை விட இது 7.2 மி.மீ. குறைவு. கூட்டிய அளவிலேயே வெட்டியிருந்தால், ஏழு மில்லிமீட்டர் எங்கோ மிஞ்சி நின்று மூடியும் பலகங்களும் பொருந்தாமற் போயிருக்கும்.

தட்டையாக இருக்கும்போதே துளைகளைக் குறிப்பதால் மற்றொரு நுட்பமும் தேவை. சுவர்களில் வரும் துளைகளை, சுவரின் மேல்விளிம்பிலிருந்து கீழ்நோக்கி அளக்க. அவ்வளவு மடிப்பால் மாறாது. அடித்தளத்தில் வரும் துளைக்கோ, பின்சுவரின் வெளிமுகத்திலிருந்து அதன் தொலைவுடன் 176.4 மி.மீ. கூட்டி, பின்சுவரின் விளிம்பிலிருந்து அளக்க. பின்முகத்திலிருந்து 20 மி.மீ. உள்ளே வரவேண்டிய துளை, தட்டைத் தகட்டில் 196.4 மி.மீ. தொலைவில் இருக்கும். 0.4 எனும் பங்கு தகட்டிற்குத் தகடு சிறிது வேறுபடும். ஆதலால் அதே தகட்டின் துண்டு ஒன்றை முதலில் மடக்கி அளந்து, கணக்கைச் சரிபார்த்துக்கொள்வது நலம்.

தகட்டு வேலை

5052 கலவை கைமடிப்புக்கு இணங்கும். வலிமை மிக்கது என்று கருதி 6061-டி6 தகட்டை வாங்குவோர் உளர். அது குறுகிய ஆரத்தில் மடியும்போது வெளிப்புறத்தில் வெடிக்கும். எந்தத் தகடாயினும் உருளைகளுக்கிடையே ஓடிய திசையில் நுண்ணிய கோடுகள் தெரியும். மடிப்புக்கோடு அக்கோடுகளுக்குக் குறுக்காக அமைதல் வேண்டும்.

கீறூசியால் வெட்டுக் கோடுகளை மட்டுமே கீறுக. மடிப்புக் கோட்டைப் பென்சிலால் போடுக. கீறிய இடத்தில் மடித்தால் விரிசல் அங்கிருந்தே தொடங்கும். ஒவ்வொரு துளைக்கும் சென்டர் பஞ்சால் குழியிட்டு, முதலில் 2 மி.மீ. துளையும் பின்னர் உரிய துளையும் இடுக. தகட்டின் கீழ் ஒட்டுப்பலகை ஒன்றை வைத்துக் கவ்விகளால் இறுக்கிய பின்னரே துளைப்பானை இயக்குக. கையாற் பிடித்த தகடு துளையூசியிற் சிக்கிச் சுழலுமானால் விரலை அறுத்துவிடும். மாணவர்கள் நிற்கும் பட்டறையில் இவ்விதிக்கு விலக்கே இல்லை. கண்ணாடி அணிதலும் அவ்வாறே.

விசிறிக்கான வட்டத்தை, கோட்டுக்கு உட்புறமாகச் சிறு துளைகளை நெருக்கமாக இட்டு, இடைப்பகுதியை வாளால் அறுத்து, அரை வட்ட அரத்தால் தேய்த்துப் பெறலாம். நேரம் பிடிக்கும் வேலை. ஆயினும் சிறப்புக் கருவி எதுவும் வேண்டுவதில்லை. சாளரத்தை ஒரு மி.மீ. சிறிதாக வெட்டி வைத்து, மடித்தபின் பலகையை வைத்துப் பார்த்து, அரத்தால் இறுதி அளவுக்குக் கொணர்க. அலுமினியம் அரத்தின் பற்களில் அப்பிக்கொள்ளும். அரத்தில் சுண்ணக்கட்டியைத் தேய்த்துக்கொண்டால் அது குறையும். பின்னர் எல்லா விளிம்புகளிலும் பிசிறு நீக்கி உப்புத்தாளால் தேய்க்க. பிசிறுள்ள விளிம்பு கையையும் அறுக்கும், கம்பியின் உறையையும் அறுக்கும். கம்பி கடக்கும் துளைகளுக்கு ரப்பர் வளையம் இடுதல் கட்டாயம்.

மடிக்கும் பொறி இல்லாதவர், இரண்டு கனத்த இரும்புக் கோணச் சட்டங்களுக்கு இடையே தகட்டைக் கவ்வி, பட்டறை வைஸிலும் முனைகளிற் கவ்விகளாலும் இறுக்கிக்கொள்க. மடிப்பு விழும் பக்கத்துச் சட்டத்தின் விளிம்பை முன்னரே அரத்தால் 2 மி.மீ. ஆரத்துக்கு உருட்டியிருக்க வேண்டும். தகட்டின் முழு அகலத்திற்கும் ஒரு மரக்கட்டையை அணைத்து, கையால் அழுத்திக்கொண்டே கொட்டாப்புளியால் கட்டையின் மேல் தட்டுக. தகட்டின் மேல் நேராகத் தட்டினால் பள்ளங்கள் விழும். ஓரிடத்தில் முழுதும் மடித்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போகாமல், முழு அகலமும் சிறிது சிறிதாக ஒன்றாக மடியுமாறு செய்க. கை எடுத்ததும் தகடு இரண்டொரு டிகிரி பின்வாங்கும். ஆகவே 90 டிகிரிக்குச் சற்று மிகுதியாக மடித்து மூலைமட்டத்தால் சோதிக்க.

அக்ரிலிக் வேலை

மூன்று மி.மீ. அக்ரிலிக்கை வாளால் அறுக்கத் தேவையில்லை. எஃகு அளவுகோலை வைத்து, கீறும் கத்தியால் ஒரே கோட்டில் எட்டுப் பத்து முறை இழுத்து, கனத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழத்திற்குப் பள்ளமாக்கி, மேசை விளிம்பில் வைத்து ஒரே அழுத்தாக அழுத்தினால் நேராக முறியும். இரு புறமும் ஒட்டியுள்ள காப்புத்தாளை வேலை முடியும் வரை உரிக்கலாகாது.

உலோகத்துக்கான துளையூசி அக்ரிலிக்கைக் கவ்வி இழுத்து உடைத்துவிடும். அதன் வெட்டு விளிம்பைச் சாணைக்கல்லில் சிறிது மழுக்கி, சுரண்டும் தன்மையுடையதாக ஆக்கிக்கொள்க. வேகம் குறைவாகவும் அழுத்தம் சிறிதாகவும் இருக்கட்டும்; இடையிடையே எடுத்துத் தூளை நீக்குக. சூடேறினால் பொருள் உருகி ஊசியில் ஒட்டும்.

பலகங்களைக் குளோரோஃபார்ம் கொண்டு ஒட்டும் வழக்கம் கடைக்காரரிடையே உண்டு. அதன் ஆவி நச்சுத்தன்மை உடையது. பள்ளி அறையில் அதற்கு இடமளித்தல் தகாது. நீட்சிக்கு இடம் விடவேண்டிய இவ்வமைப்பில் ஒட்டுதற்கு அவசியமும் இல்லை. சாராவியும் அதன் கலவைகளும் அக்ரிலிக்கைத் துடைக்க ஏற்றவை அல்ல. வெட்டிய விளிம்பிலும் துளையோரத்திலும் அவை பட்டால் வலைபோன்ற நுண்விரிசல் படரும். லேசர் பொறியில் வெட்டி வாங்கிய பலகங்களில் இது இன்னும் விரைவில் நிகழும். சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியே போதும். உலர்ந்த துணியால் தேய்த்தால் நிலைமின்சாரம் ஏறி, துடைத்த தூசியினும் மிகுதியான தூசியை இழுத்துக்கொள்ளும்.

காற்றோட்டம்

கணிப்பொறி பெறும் மின்சாரம் முழுவதும் ஈற்றில் வெப்பமாகவே மாறுகிறது. 150 வாட் செலவழிக்கும் பொறியில், உட்புகும் காற்றைவிட வெளியேறும் காற்று 10 டிகிரிக்குமேல் சூடாதல் கூடாது என்று கொள்வோம். காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.2 கிலோகிராம், ஒரு கிலோகிராம் காற்று ஒரு டிகிரி சூடாவதற்கு வேண்டிய ஆற்றல் 1,005 ஜூல். 150-ஐ 1.2 × 1,005 × 10-ஆல் வகுத்தால் வினாடிக்கு 0.0124 கன மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 45 கன மீட்டர் என்று வரும். விசிறியின் மேல் எழுதியுள்ள அளவு தடையற்ற வெளியில் அளந்தது. வடிகட்டியும் துளைத்தகடும் குறுக்கிடும்போது அதிற் பாதி கிடைத்தாலே பெரிது. எனவே மணிக்கு 90 கன மீட்டருக்குக் குறையாத விசிறியைத் தேர்க.

நாற்பது டிகிரி வெயிலில் உட்புகும் காற்றே சூடானது. பத்து டிகிரி கூடினால் ஐம்பது. குளிர்ந்த நாட்டவர் எழுதிய குறிப்புகளை அப்படியே பின்பற்றுதல் இதனாற் பொருந்தாது.

வெளியேறும் வழியும் போதிய அளவு வேண்டும். ஆறு மி.மீ. துளைகளைக் கையால் இட்டு 65 சதுர செ.மீ. திறப்பைப் பெற வேண்டுமானால் 230 துளைகள் இடவேண்டும். அத்துணைப் பொறுமை எனக்கு இல்லை. பின்சுவரில் சாளரத்துக்கு மேலே 160 × 100 மி.மீ. அளவில் வெட்டி, கடையிற் கிடைக்கும் துளைத்தகட்டை உட்புறமிருந்து திருகாணியால் பொருத்திவிடலாம். நூற்றுக்கு நாற்பது பங்கு திறப்புள்ள தகடாயின் 64 சதுர செ.மீ. கிடைக்கும். அதன் துளைகள் 3 மி.மீ.க்கு மேற்படாதிருந்தால் பல்லியும் குளவியும் உள்ளே புகா. மின்வழங்கியின் விசிறிக்கு எதிரே அக்ரிலிக்கிலும் துளைகள் வேண்டும். அங்கு மட்டும் கைத்துளை இடுவதைத் தவிர வழியில்லை. முன் விசிறி காற்றை உள்ளே தள்ளுமாறு பொருத்தி, அதன் முன் நைலான் வலை ஒன்றை எளிதிற் கழற்றும்படி வைக்க. உள்ளழுத்தம் சற்று மிகுந்திருப்பின், தூசி இடுக்குகளின் வழியாக உறிஞ்சப்படாமல் வலையிலேயே தங்கும்.

நிலத்தொடர்பு

இப்பகுதியை ஆசிரியர்கள் மற்றெதனினும் கவனமாகப் படிக்க வேண்டுகிறேன்.

உலோகக் கூட்டைத் தொட்டால் விரலில் மெல்லிய கூச்சம் ஏற்படுவதாகப் பலர் கூறக் கேட்டிருக்கலாம். மின்வழங்கியின் நுழைவாயிலில், குறுக்கீட்டை வடிகட்டும் பொருட்டு, மின்கம்பி இரண்டிலிருந்தும் உலோக உறைக்குச் சிறு மின்தேக்கிகள் இணைக்கப்பட்டுள்ளன. நிலக்கம்பி உரியவாறு இணைந்திருந்தால் அவற்றின் வழி வரும் மிகச் சிறு மின்னோட்டம் நிலத்துக்குப் போய்விடும். சுவரிலுள்ள மூன்றாம் துளையில் நிலத்தொடர்பு இல்லையெனின், இரு தேக்கிகளும் 230 வோல்ட்டைப் பங்கிட்டுக் கூட்டினை ஏறத்தாழ 115 வோல்ட்டில் நிறுத்திவிடும். மின்னோட்டம் சிறிதாகையால் கூச்சத்தோடு நிற்கிறது. ஆனால் அக்கூச்சம் சொல்லும் செய்தி பெரிது: உள்ளே காப்பு அழியும் நாளில், அம்மின்சாரம் போவதற்குத் தொடுபவர் உடலைத் தவிர வேறு வழியில்லை. கூச்சம் தெரிந்த அன்றே பொறியை நிறுத்தி, சுவர் இணைப்பை மின்பணியாளரைக் கொண்டு சோதிப்பிக்க வேண்டும். இரண்டு முள் மாற்றியைக் கொண்டு வேலையை ஓட்டுவது குற்றத்திற்கு ஒப்பாகும்.

ஆயத்தக் கூட்டில் நிலத்தொடர்பை ஆலையில் கவனித்திருப்பர். கைக்கூட்டில் அப்பொறுப்பு நம்முடையது. வண்ணப்பூச்சு காப்புப் பொருள். ஆனோடைஸ் செய்த அலுமினியத்தின் மேற்படலமும் அலுமினிய ஆக்ஸைடாதலால் காப்புப் பொருளே. கண்ணுக்கு உலோகமாகத் தெரிவதால் இது ஏமாற்றும். மின்வழங்கியைத் தாங்கும் நான்கு திருகாணிகளைச் சுற்றி, மூடி பொருந்தும் இடங்களில், கோணச் சட்டங்களின் இணைப்பில், பூச்சைச் சுரண்டி வெற்று உலோகத்தை வெளிப்படுத்தி, பல்லுள்ள வாஷர் இட்டு முடுக்குக. மூடிக்குத் தனியாக ஒரு நிலக்கம்பியை வளைய முனையுடன் இணைத்தல் மேலும் நன்று.

பின்னர், சுவரினின்று முற்றிலும் பிரித்த நிலையில், மின்கம்பியின் நிலமுள்ளில் மல்டிமீட்டரின் ஒரு முனையையும், கூட்டின் ஒவ்வோர் உலோகப் பகுதியிலும் மற்ற முனையையும் வைத்து அளக்க. அடித்தளம், இரு சுவர்கள், துளைத்தகடு, மூடி, தலை வெளியே தெரியும் திருகாணிகள் என ஒவ்வொன்றையும் தனித்தனியே தொடுக. மீட்டரின் சொந்தக் கம்பிகளின் தடையைக் கழித்தபின் ஒரு ஓமுக்கு மேற்படும் பகுதி எதுவாயினும் அதனைக் கழற்றி மீண்டும் சுரண்டிப் பொருத்துக. இச்சோதனை முடியும் வரை பொறிக்கு மின்சாரம் தரலாகாது.

முதல் இயக்கம்

மூடியையும் பலகங்களையும் பூட்டாமலே முதலில் இயக்குக. அதற்குமுன், கூட்டைக் கவிழ்த்து மெல்லத் தட்டி, அலுமினியத் துகள் எதுவும் உள்ளே தங்கவில்லை என்பதை உறுதி செய்க. ஒரு சுருள் துகள் போதும், பலகையைக் கெடுக்க. விசிறி காற்றை எப்பக்கம் தள்ளுகிறது என்பதை ஒரு தாள் துண்டால் அறிக. அரை மணி நேரம் கழித்துச் செயலியின் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, கூட்டை மூடி, மீண்டும் ஒரு மணி நேரம் கழித்துப் பார்க்க. மூடியபின் ஏற்றம் 10 டிகிரிக்கு மேற்பட்டால் வெளியேறும் வழி போதவில்லை என்று பொருள். விசிறியை மாற்றுமுன் துளைத்தகட்டைப் பெரிதாக்குக.

மூடியின் உட்புறத்தில் ஒரு தாளை ஒட்டி, கூடு முடிந்த நாள், ஒவ்வொரு பகுதியின் நிலத்தொடர்புத் தடை, வலை கடைசியாகக் கழுவிய நாள் ஆகியவற்றை எழுதி வைக்க. தூசி மிகுந்த நிலையங்களில் வலையை மாதம் இருமுறை கழுவ வேண்டியிருக்கும். நிலத்தொடர்பை ஆண்டுக்கு ஒரு முறை, மழைக்காலம் முடிந்தபின் மீண்டும் அளந்து, புதிய எண்ணைப் பழையதன் கீழே எழுதுக. பழையதை அடிக்க வேண்டா.